சந்தைக்குப் போகும் மிஷனெரி



நமது சபைகள் தாங்கள் அனுப்பிய மிஷனெரிகளிடம் மாதந்தோறும் அறிக்கை கேட்கின்றன. எத்தனை கூட்டங்கள், எத்தனை வீடு சந்திப்புகள், எத்தனை கைப்பிரதிகள், எத்தனை ஆத்துமாக்கள் என்று கட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. யாரிடம் காய்கறி வாங்கினீர்கள், அவர் பெயரென்ன, அவர் வீட்டில் யார் சுகவீனமாய் இருக்கிறார்கள் என்று கேட்கும் கட்டம் மட்டும் எந்தத் தாளிலும் இல்லை. கடைக்குப் போகும் நேரம் ஊழியத்திலிருந்து திருடப்பட்ட நேரம் என்றே நாம் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை எதிர்த்தே இந்த வாரம் எழுதுகிறேன்.

நீலகிரியின் சரித்திரத்தைப் பாருங்கள். வெளிநாட்டு ஊழியர்கள் இங்கு வருமுன்னரே இம்மலையில் உறவு என்பதே கொடுக்கல் வாங்கலாய் இருந்தது. தோதவர் நெய்யும் மோரும் கொடுத்தார்கள். கோத்தர் மட்பாண்டமும் இரும்புக் கருவியும் செய்து தந்தார்கள். படுகர் தானியம் அளந்தார்கள். குறும்பர் தேனும் காட்டுப் பொருட்களும் கொண்டுவந்தார்கள். இன்னாருக்கு இன்ன வீட்டார் என்று தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த முறை அது. இப்படிப்பட்ட மலையில், ஒருவரிடமும் ஒன்றும் வாங்காமல் போதிக்க மட்டும் வருகிறவன் அந்நியனாகவே நிற்பான்.

1846-இல் பாசல் மிஷன் ஊழியர்கள் கேத்தியில் தங்கள் பணியைத் தொடங்கினார்கள். படுகரில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858-இல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். நமது அறிக்கைத் தாளை அவர்களிடம் கொடுத்திருந்தால், ஆத்துமாக்களுக்கான கட்டத்தில் பன்னிரண்டு ஆண்டுகளும் பூஜ்யம் எழுதியிருப்பார்கள். நாமும் இரண்டாம் ஆண்டிலேயே அவர்களைத் திரும்ப அழைத்திருப்போம். ஆனால் அந்த ஆண்டுகளில் யோகான் பிரீட்ரிக் மெட்ஸ் என்பவர் ஊர் ஊராக நடந்தார். மக்களின் பேச்சைக் கற்றார். இம்மலைக் குலங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார். அது 1856-இல் வெளிவந்தது. அந்தப் பூஜ்யங்களுக்குள் அத்தனை உழைப்பு அடங்கியிருந்தது.

மறுபக்கத்தையும் மறைக்கலாகாது. 1899-இல் குன்னூர் வரையிலும், 1908-இல் உதகை வரையிலும் மலை இரயில் வந்தது. கோடையில் சமவெளியின் வெயிலுக்குத் தப்பி வந்த ஐரோப்பியருக்கு வெண்ணெயும் ரொட்டியும் சீமைக் காய்கறியும் இங்கே கிடைத்தன. சமையல்காரரைக் கடைக்கு அனுப்பிவிட்டு, மலையில் இருந்துகொண்டே மலையைக் காணாமல் வாழ்வது எளிதாயிற்று. இன்று அந்தச் சமையல்காரரின் இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. சமவெளியிலிருந்து வரும் இளம் ஊழியர் செயலியில் சொல்லிவிடுகிறார். பொருள் வாசலுக்கு வருகிறது. அவர் ஒரு முகத்தையும் பார்ப்பதில்லை. நேரம் மிச்சம் என்கிறார். யாரோடு செலவிட வேண்டிய நேரத்தை மிச்சப்படுத்தினார் என்று அவர் தம்மைத்தாமே கேட்டுக்கொள்ளட்டும்.

கேரட்டின் விலையைக் கேட்கிறவன் கேத்திப் பள்ளத்தாக்கின் பனியைப் பற்றியும் அறிகிறான். உருளைக்கிழங்கின் விலையைக் கேட்கிறவன் மேட்டுப்பாளையம் மண்டியில் விவசாயி எதிர்பார்த்ததையும் பெற்றதையும் அறிகிறான். மளிகைக் கடையில் வரிசையில் நிற்கிறவன், பச்சைத் தேயிலைக்கு விலை இறங்கினால் எந்தக் குடும்பத்தின் பற்று ஏறுகிறது என்பதை அறிகிறான். ரேஷன் கடையில், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து குடியேறிய தோட்டத் தொழிலாளரின் பேரப்பிள்ளைகளைச் சந்திக்கிறான். இவற்றை அறியாமல் செய்யப்படும் பிரசங்கம், விலாசம் எழுதாத கடிதம்.

"கடைக்குப் போனால் மட்டும் போதுமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யோவான் 4-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். சீஷர்கள் போஜனம் வாங்கச் சமாரியர் ஊருக்குள் போனார்கள். போஜனத்தோடு திரும்பினார்கள், ஒரு மனுஷனையும் அழைத்து வரவில்லை. குடத்தை வைத்துவிட்டுப் போன ஸ்திரீயோ ஊரையே அழைத்து வந்தாள். இருவரும் போனது ஒரே ஊருக்குத்தான். சீஷர்கள் அவ்வூரைக் கடையாக மட்டும் பார்த்தார்கள். அவள் அவ்வூராருக்கு அறிமுகமானவளாய் இருந்தாள். ஆகவே சந்தைக்குப் போவதோடு, அங்குள்ளவர்களுக்கு அயலானாய்ப் போக வேண்டும். பவுல் அத்தேனே பட்டணத்துச் சந்தைவெளியில் தினந்தோறும் எதிர்ப்பட்டவர்களோடு பேசினார் என்பதையும் மறவாதிருங்கள்.

அயலானாய்ப் போகிறவனுக்கு ஒழுங்கும் உண்டு. மலைச்சரிவில் குனிந்து விளைவித்தவளிடம் ஐந்து ரூபாய்க்குப் பேரம் பேசி வென்று, அதைச் சிக்கனம் என்று சாட்சி சொல்லாதிருப்பானாக. மாற்றலாகிப் போகுமுன் கடைப் பற்றைத் தீர்ப்பானாக. போதகர் வைத்துவிட்டுப்போன பாக்கியை ஒரு கடைக்காரர் மறப்பதில்லை. அவருடைய நோட்டுப் புத்தகத்தில் நமது சுவிசேஷம் பற்றுப் பக்கத்தில் எழுதப்பட்டு நிற்கும்.

இனி, அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மிஷனெரியின் கூடையை எட்டிப் பார்த்து, "இவர் வெண்ணெய் வாங்குகிறாரே" என்று முணுமுணுக்கிறீர்கள். உதகை ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92, 93 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகச் சமவெளியைவிட நெடுநேரமாகும். எரிபொருளும் அதற்கேற்பச் செலவாகும். அரிசி மலையேறி வருகிறது. குளிருக்குக் கம்பளி வேண்டும். சமவெளியின் கணக்கில் மலைக்குப் படி அளந்துவிட்டு, அவருடைய விசுவாசத்தைச் சோதிக்கிறோம் என்று சொல்லாதேயுங்கள். சோதிக்கப்படுவது நமது நீதி.

நமது ஆண்டவர் மூன்றரை ஆண்டு ஊழியத்துக்குமுன் ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நாசரேத்தில் வாழ்ந்தார். தச்சன் என்றே ஊரார் அவரை அறிந்திருந்தார்கள். மரம் வாங்கி, வேலை செய்து, கூலி பெற்று வாழ்ந்த அந்த ஆண்டுகளை வீண் என்று சொல்லத் துணிவீர்களா?

ஆகையால் பிரியமானவர்களே, அடுத்த மாதம் உங்கள் மிஷனெரிக்கு எழுதும்போது எண்ணிக்கையைக் கேட்பதற்குமுன், அவர் பொருள் வாங்கும் கடைக்காரரின் பெயரைக் கேளுங்கள். பதில் வந்தால், அந்தப் பெயரைச் சொல்லி உங்கள் குடும்ப ஜெபத்தில் ஜெபியுங்கள். பதில் வராவிட்டால், உங்கள் மிஷனெரிக்காக இன்னும் ஊக்கமாய் ஜெபியுங்கள்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.