கெட்டி மரத்துக்கு நெருங்கிய பல்லா?

ஐந்து அங்குல நீளமுள்ள மெல்லிய பிளேடு ஒன்று மேலும் கீழுமாக ஓட, மேசைமீது மரத்தைக் கையால் திருப்பித் திருப்பிப் பூவேலை, எழுத்து, பொம்மை உருவம் முதலியவற்றை வெட்டியெடுக்கும் சிறு மின்ரம்பம் ஸ்க்ரோல் ரம்பம் எனப்படுகிறது. இதற்குப் பிளேடு தேர்ந்தெடுப்பதில், மரம் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நெருக்கமாகப் பல் இருக்க வேண்டும், பல் நெருங்க நெருங்க வெட்டு வழவழப்பாகும் என்ற நம்பிக்கை தொழிலாகச் செய்வோரிடமும் பொழுதுபோக்காகச் செய்வோரிடமும் ஒருசேர வேரூன்றியிருக்கிறது. வினீரிலும் மெல்லிய பிளைவுட்டிலும் இது உண்மைதான். ஈட்டி, தேக்கு, மேப்பிள் போன்ற வன்மரங்களில், ஒன்றரை அங்குலத்துக்கு மேற்பட்ட கனத்தில், இது தவறு என்பது மட்டுமன்றி, வெட்டு கெடுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணமாகவும் அமைகிறது.

இரும்பு வேலையிலிருந்து இந்த எண்ணம் ஒட்டிக்கொண்டு வந்திருக்கக்கூடும். ஹேக்ஸா பிளேடுகள் அங்குலத்துக்கு 14, 18, 24, 32 பல் என்ற கணக்கில் கிடைக்கின்றன. அவற்றில் 32 பல் மெல்லிய குழாய்க்கும் தகட்டுக்கும், 14 அல்லது 18 பல் கனமான பாளத்துக்கும் உரியது என்பது பட்டறையின் பாலபாடம். கடினமான உலோகத்துக்கு நெருங்கிய பல் என்ற பாதி விதி மரப்பட்டறைக்கு வந்து சேர்ந்தது. கனமான பொருளுக்கு அகன்ற பல் என்ற மறுபாதி வழியிலேயே நின்றுவிட்டது. மர அறுவை மில்லில் பெரிய அடிமரத்தை அறுக்கும் பட்டை ரம்பத்தைப் பார்த்தவர்களுக்கு, ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடையே ஏறத்தாழ ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இடைவெளி இருப்பது தெரியும். அதே தேக்கைத்தான் அதுவும் அறுக்கிறது.

பல்லின் வேலை மரத்தை வெட்டுவதோடு முடிவதில்லை. வெட்டிய தூளை வெளியே கொண்டுவந்து கொட்டும் வரை அதைச் சுமப்பதும் பல்லின் வேலையே, அதற்கான இடம்தான் இரு பற்களுக்கு நடுவிலுள்ள பல்லிடைக் குழி. ஸ்க்ரோல் ரம்பத்தின் வீச்சு, அதாவது பிளேடு ஒருமுறை ஏறி இறங்கும் தூரம், பெரும்பாலான இயந்திரங்களில் 19 மி.மீ. அளவே. மரம் 12 மி.மீ. கனமாயிருந்தால் ஒவ்வொரு பல்லும் ஒவ்வொரு வீச்சிலும் மரத்தை விட்டு வெளியே வந்து தூளைக் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. மரம் 50 மி.மீ. ஆகும்போது நிலைமை தலைகீழாகிறது: நடுப்பகுதியில் 31 மி.மீ. நீளத்திலுள்ள பற்கள் எத்தனை முறை ஏறி இறங்கினாலும் மரத்துக்குள்ளேயே கிடக்கின்றன. அங்குலத்துக்கு 20 பல் உள்ள பிளேடானால் இப்படி வெளிச்சமே காணாத பற்கள் ஏறத்தாழ 24. அவை சேர்த்த தூளில் ஒரு பகுதி பிளேடுக்குப் பின்னால் திறந்திருக்கும் வெட்டுத்தடத்தில் ஒதுங்கலாம். மற்றதைப் பல்லிடைக் குழிதான் தாங்கியாக வேண்டும். குழி சிறிதானால் அது நொடியில் நிரம்பிவிடுகிறது. அதன் பிறகு பல் மரத்தைத் தொடுவதில்லை, தூளைத்தான் தேய்க்கிறது.

வெட்டு நகரவில்லை என்று கண்டவுடன் கை மரத்தை அழுத்தித் தள்ளுகிறது; தவறு இரட்டிப்பாவது இங்கேதான். ஒல்லியான பிளேடு பின்னோக்கி வில்லாக வளைகிறது, கூடவே பக்கவாட்டிலும் விலகுகிறது. மேற்பரப்பில் கோட்டோடு அச்சொட்டாகச் செல்லும் வெட்டு உள்ளே வயிறு தள்ளி, அடிப்பரப்பில் வேறிடத்தில் வெளிப்படுகிறது. வெட்டிய துண்டு ஒரு பக்கமாக மட்டும் கழன்று, மறுபக்கமாகத் தள்ளினால் சிக்கிக்கொள்வது இதன் அடையாளம். வளைவுகளில் பிளேடு ஓரிடத்திலேயே நின்று தேய்வதால் சூடேறி, வெட்டுமுகத்தில் பழுப்புக் கருகல் படிகிறது. வழவழப்புக்காக நெருங்கிய பல்லை மாட்டியவர், அந்தக் கருகலை நீக்க உப்புத்தாளோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்டுகிறார். தேக்கிலுள்ள சிலிக்கா எந்தப் பல்லையும் விரைவில் மழுக்கும். நுண்ணிய பல்லுக்கு அதைத் தாங்கும் உயரமும் இல்லை.

இத்தகைய மரத்துக்குப் பொருத்தமானது எண்ணிலும் அமைப்பிலும் பெரிய பிளேடு. எண் ஏற ஏற அகலமும் கனமும் கூடும், பல் குறையும்: 2ஆம் எண் பிளேடு ஏறத்தாழ 0.75 மி.மீ. அகலமும் அங்குலத்துக்கு 20 பல்லும் கொண்டது. 9ஆம் எண்ணில் அகலம் 1.35 மி.மீ., பல் 11 அல்லது 12. கம்பெனிக்குக் கம்பெனி இந்த அளவுகள் சற்று மாறும். முக்கால் அங்குலம் முதல் ஓரங்குலம் வரை 5 அல்லது 7, அதற்கு மேல் 9 அல்லது 12 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் கணக்கு. அமைப்பில், ஒரு பல் விட்டு ஒரு பல் உள்ள இடைவிட்ட பல்வரிசையோ, இரண்டு பல்லுக்குப் பின் ஓர் இடைவெளி விட்ட வரிசையோ தூளுக்கு இடம் தருகிறது. அடிப்பரப்பில் சிராய் எழாமலிருக்கக் கீழ்ப்பற்கள் சிலவற்றை மேல்நோக்கித் திருப்பிய பிளேடு மெல்லிய பலகைக்கு நல்ல ஏற்பாடு. கனமான மரத்திலோ அந்தப் பற்கள் கீழே விழ வேண்டிய தூளை மறுபடியும் வெட்டுத்தடத்துக்குள் ஏற்றிவிடுகின்றன.

9ஆம் எண் பிளேடு நெருக்கமான வளைவில் திரும்பாது என்ற ஆட்சேபம் மட்டும் நியாயமானது. அதற்குரிய வழி 2ஆம் எண்ணுக்கு இறங்குவதன்று. கூர்முனைகளில் சிறு துளையிட்டு அதில் பிளேடைத் திருப்பிக்கொள்ளலாம், அல்லது இடைவிட்ட பல்லுள்ள 5ஆம் எண்ணை மாட்டி, அழுத்தாமல் பொறுமையாக வெட்டலாம். அதற்கும் அடங்காத நுணுக்கம் இரண்டு அங்குல ஈட்டியில் கேட்கப்படுமானால், மாற்ற வேண்டியது வரைபடத்தைத்தான். 6 மி.மீ. வன்மரப் பலகைகள் ஆறை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வெட்டுவோர், பலகை மெல்லியதுதானே என்று நுண்பல் பிளேடை மாட்டுவதும் இதே மயக்கத்தின் இன்னொரு வடிவம். பிளேடின் முன்னால் நிற்பது 36 மி.மீ. கனமுள்ள ஒரே மரம்.