மறுப்பையும் சேர்த்துப் படியெடுங்கள்

கடவுள் உண்டா இல்லையா என்று மேடையில் மோதிக்கொள்கிறவர்களை நிறையக் கேட்டுவிட்டேன். எதிராளியின் வாதங்களில் நோஞ்சானாகப் பார்த்து ஒன்றை அடித்துவிட்டுக் கைதட்டல் வாங்குவது இரு தரப்பிலும் நடக்கிறது. அப்போதெல்லாம் எனக்கு அன்செல்ம் நினைவுக்கு வருவார்.

நார்மண்டியில் பெக் என்ற ஊரின் மடத்தில் இருந்த துறவி அவர். வேறெதன் துணையும் வேண்டாத ஒரே வாதத்தால் கடவுள் இருப்பதை நிறுவிவிட முடியுமா என்ற யோசனை அவரை ஆட்டிப்படைத்தது. சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் போயிற்று, ஜெபத்தில் மனம் நிற்கவில்லை என்கிறார் அவருடைய சரிதத்தை எழுதிய ஈட்மர். ஓர் இரவு வழிபாட்டின் நடுவே விடை பிடிபட்டது. மெழுகுப் பலகையில் எழுதி ஒரு துறவியிடம் கொடுத்தார். பலகை காணாமல் போயிற்று. மறுபடி எழுதிக் கொடுத்தார். அது தரையில் நொறுங்கிக் கிடந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, இந்த முறை தோலில் எழுதச் சொன்னார். 1078 வாக்கில் 'புரோஸ்லோகியன்' நமக்கு மிஞ்சியது இப்படித்தான்.

எதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாதோ அதுவே கடவுள் என்கிறார் அன்செல்ம். கடவுள் இல்லை என்பவனுக்கும் இந்த வார்த்தைகள் புரிகின்றன. ஆகவே அவன் எண்ணத்தில் அது இருக்கிறது. ஆனால் எண்ணத்தோடு நின்றுவிட்டால், நிஜத்திலும் இருக்கும் ஒன்று அதைவிடப் பெரிதாகிவிடுமே! எனவே கடவுள் இருந்தே தீரவேண்டும்.

இதை மறுத்தவர் கௌனிலோ. அவரும் துறவி, அவரும் விசுவாசி. கடலில் தொலைந்த ஒரு தீவு, உலகின் எல்லா நாடுகளையும் விட வளமானது என்று ஒருவர் சொன்னால் புரிகிறது. அவ்வளவு சிறந்தது என்பதாலேயே அது எங்கோ இருந்தாக வேண்டும் என்றால் எப்படி நம்புவது என்று கேட்டார். என் வாதம் தீவுக்குப் பொருந்தாது, எதைவிடப் பெரிதை நினைக்கவே முடியாதோ அந்த ஒன்றுக்கு மட்டுமே பொருந்தும் என்று பதில் எழுதினார் அன்செல்ம். பிறகு, இனி நூலைப் படியெடுக்கிறவர்கள் கௌனிலோவின் மறுப்பையும் தன் பதிலையும் கடைசியில் சேர்த்தே எழுதவேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வாதத்தில் நான் கௌனிலோ பக்கம்தான். நினைப்பிலிருந்து நிஜத்துக்குப் பாலம் போட முடியாது என்றே எனக்குப் படுகிறது. ஆனாலும் அன்செல்மின் அந்த ஒரு உத்தரவுக்காக அவரை வணங்குகிறேன்.

இரு நூற்றாண்டு கழித்து வந்த இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ், அன்செல்மின் வாதத்தை ஏற்கவில்லை. கடவுள் இருப்பதை நிறுவத் தன்னுடைய ஐந்து வழிகளைச் சொல்லுமுன் அவரும் இரண்டு மறுப்புகளை எழுதிவைத்தார். எல்லையற்ற நன்மை ஒன்று இருந்தால் தீமைக்கு இடமே இருக்காது, ஆனால் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. இயற்கையாலும் மனித அறிவாலும் எல்லாவற்றையும் விளக்கிவிடலாமே, கடவுள் எதற்கு என்பது மற்றொன்று. நாத்திகர்கள் இன்றும் இந்த இரண்டைத்தான் கையிலெடுக்கிறார்கள்.

தீமையிலிருந்தும் நன்மையை வரவழைக்க வல்லவர் என்பதால் கடவுள் அதை அனுமதிக்கிறார் என்பது, பழைய இறையியலாளர் அகஸ்டினைத் துணைக்கழைத்து அக்வினாஸ் தரும் பதில். 2004 டிசம்பர் 26 அன்று, கிறிஸ்துமஸுக்காக வேளாங்கண்ணிக்கு வந்திருந்த யாத்ரீகர்கள் பலரைச் சுனாமியில் கடல் கொண்டுபோனது. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களிடம் இந்தப் பதிலைச் சொல்ல எனக்கு வாய் வராது. மனிதனுக்குத் தரப்பட்ட சுதந்திரத்தின் விலைதான் தீமை என்ற இன்னொரு பதிலைப் போருக்கும் கொலைக்கும் சொல்லலாம். கடலுக்கு ஏது சுதந்திரம்?

நியாயப்படி என் எழுத்துக்கும் ஒரு மறுப்பைச் சேர்த்தாக வேண்டும். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் ஒரு காலத்தில் நாத்திகர். உலகம் இவ்வளவு அநியாயமாக இருக்கிறதே என்பதுதான் அப்போது அவருடைய வாதம். அநியாயம் என்று அளக்கும் கோல் தனக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டபோது அந்த வாதம் தன் கையிலேயே சரிந்தது என்று பின்னாளில் எழுதினார். அந்தக் கேள்வி என்னையும் விடவில்லை. மனிதர் ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் பாசமே போதுமான கோல் என்பது என் பதில். லூயிஸ் இருந்திருந்தால், அந்தப் பாசம் ஏன் நம்மைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று அடுத்துக் கேட்டிருப்பார்.