திருத்தேர் செய்யும் கைகள்

திருவிழா நாளில் தேர்வடம் தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொள்கிறோம். அத்தேரைச் சமைத்த தச்சரை அவ்வேளையில் நினைப்போர் சிலரே.

திருவாரூர் ஆழித்தேர் 1926-ஆம் ஆண்டில் தீக்கிரையாயிற்று. பின்னர்ப் புதிதாகச் செய்யப்பெற்ற தேர் 1930-இல் வீதி கண்டது. அலங்கரித்த நிலையில் அதன் உயரம் 96 அடி. எடை ஏறத்தாழ 300 டன். மரம் எரிந்ததே தவிர, கலை எரியவில்லை. அதனை அறிந்த கைகள் அன்று இருந்தன.

அத்தகைய கைகள் ஒரு நாளில் உருவாவதில்லை. பட்டறையில் சேரும் இளைஞன் முதலில் பெருக்குவான், மரம் சுமப்பான், உளி தீட்டுவான். பிறகு ரம்பம் பிடிக்கவும் இழைப்புளி தள்ளவும் பழகுவான். தேருக்கு உகந்த இலுப்பையும், தேக்கும், வேங்கையும் ஒரே தன்மையன அல்ல. ஒவ்வொன்றிலும் ரேகை ஓடும் திசையறிந்து உளியைச் செலுத்தவேண்டும். அடுத்து, ஒரு மரத்தின் முனையைக் கழுந்தாகச் செதுக்கி மற்றொன்றின் துளையில் பொருத்தக் கற்பான். தளர்ந்தால் இணைப்பு ஆடும். மிக இறுகினால் மரம் பிளக்கும். இதில் கை தேர்ந்த பின்னரே கொடிக்கருக்கும் யாளியும் செதுக்க அனுமதி கிட்டும்.

சிற்பங்களை நாம் வியந்து நோக்குகிறோம். ஆனால் தேரைத் தாங்குவன நம் கண்ணுக்குப் புலப்படாத அந்த இணைப்புகளே. அவற்றில் ஒன்று பிழைத்தாலும் வடம் பிடிக்கும் அடியார் உயிருக்கே ஆபத்து. ஓடும் சக்கரத்தின் அருகே நின்று முட்டுக்கட்டை இட்டுத் தேரைத் திருப்புவோரும் தம் உயிரைப் பொருட்படுத்தாமலே அப்பணி செய்கின்றனர்.

இத்தொழிலில் வருவாய் நிலையானதன்று. புதிய தேர்ப்பணி எப்போதோ ஒருமுறை வருவது. ஏனைய நாட்களில் கதவு, சன்னல் செய்து வாழ்ந்தவர்களுக்கு, இரும்புக் கதவும் பிளாஸ்டிக் கதவும் வந்தபின் அவ்வேலையும் குறைந்தது. தம் மகன் வேறு வேலைக்குச் செல்லட்டும் என எண்ணும் தச்சரை நாம் குறை கூறலாகாது.

எனினும் வழி அடைபட்டுவிடவில்லை. 1957-இல் தொடங்கப்பெற்ற மாமல்லபுரம் அரசு கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியில் கோயிற் கட்டடக்கலையோடு மரச்சிற்பமும் பயிலலாம். அரசு தொழிற்பயிற்சி நிலையங்களிலும் தச்சுத்தொழில் கற்பிக்கப்படுகிறது. ஒருகாலத்தில் தந்தையிடமிருந்து மகனுக்கே சென்ற இவ்வித்தை, இன்று ஆர்வமுள்ள எவருக்கும் எட்டும் நிலையில் உள்ளது.

அன்பர்களே, கோயிலுக்கு நிதி அளிப்பதும் தீபம் ஏற்றுவதும் திருப்பணியே. நம் இல்லத்துப் பேரனோ பேத்தியோ மரத்தில் எதையேனும் செதுக்கி மகிழ்ந்தால், "படிப்பை விட்டு இது எதற்கு?" என்று கடிந்துரையாமல், அருகில் அமர்த்தித் தேரின் அடிப்பாகத்தைக் காட்டி விளக்குங்கள். நாளைய தேர் பழுதுறும்போது அதைச் செப்பனிட ஒரு கை வேண்டும். அந்தக் கை இன்று எங்கோ ஒரு வீட்டில் முதல் உளியைத் தீட்டத் தொடங்கினால்தான் அது நடக்கும்.