இலேசான குழாய் யாருக்கு?

குடியரசு தின அணிவகுப்பில் பேண்டு வாத்தியக் குழு வரும்போது கவனித்திருப்பீர்கள். ஒருவர் நீண்ட பித்தளைக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தியபடியே ஊதிக்கொண்டு வருவார். அந்தக் கருவிக்கு டிராம்போன் என்று பெயர். அதில் நகரும் பகுதி ஸ்லைடு. இதைப் பித்தளைக்குப் பதிலாகக் கார்பன் இழையால் செய்யும் முறை இப்போது வந்துள்ளது. அமெரிக்காவில் பட்லர் என்னும் நிறுவனம் இத்தகைய ஸ்லைடுகளைச் செய்கிறது. விலை கூடிய இவை பெரும்பாலும் தேர்ந்த கலைஞர்களின் கைக்கே போகின்றன. ஆனால் இவை முதலில் சேர வேண்டியது பள்ளிச் சிறுவர் கைக்குத்தான் என்பது என் கருத்து. ஏன்? கணக்குப் போட்டே பார்ப்போம்.

சாதாரண டிராம்போனின் குழாய் நீளம் சுமார் 2.7 மீட்டர். சுரம் ஒரு அரைப்படி இறங்க, உள்ளிருக்கும் காற்றுத் தம்பம் ஏறத்தாழ 6 விழுக்காடு நீள வேண்டும். அதாவது 16 செ.மீ. ஸ்லைடு இரட்டைக் குழாய் ஆதலால் அதை 8 செ.மீ. நகர்த்தினால் போதும். ஆறு அரைப்படிகள் இறங்க 56 செ.மீ. நீட்ட வேண்டும்.

வேகமான பாட்டில் இந்த 8 செ.மீ. தூரத்தை 0.1 வினாடியில் கடக்க வேண்டும் என்று கொள்வோம். பாதித் தூரம் வேகம் கூட்டி, மீதிப் பாதியில் நிறுத்த வேண்டும். இதற்கான முடுக்கம் 32 மீ/வி². ஸ்லைடின் நிறை 300 கிராம் என்றால் தேவையான விசை சுமார் 10 நியூட்டன். ஒரு கிலோ எடைக் கல்லைத் தூக்கும் விசை அது! ஸ்லைடை இப்படி நகர்த்தும் ஒவ்வொரு முறையும் இந்த வேலையைக் கை செய்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்விசையும் உண்டல்லவா? அது ஸ்லைடை நகர்த்தும் கையின் மீதே செயல்படுகிறது.

பித்தளையின் அடர்த்தி ஒரு கன செ.மீ.க்கு 8.5 கிராம். கார்பன் இழைக் கலவைக்கு 1.6 கிராம்தான். சுவர்த் தடிப்பு வேறுபடும், சில உலோகப் பாகங்களும் இருக்கும் என்பதால் எடை ஐந்தில் ஒரு பங்காகிவிடாது. பாதியாகக் குறைந்தாலும் விசை 5 நியூட்டனாகிவிடும். அமெரிக்கப் பள்ளிகளில் 10, 11 வயதிலேயே பேண்டுப் பயிற்சி தொடங்கிவிடுகிறது. பெரியவரின் கைக்கு இந்தக் குறைவு ஒரு வசதி. அந்த வயதுச் சிறுவனுக்கோ தொடர்ந்து கற்பதா, கைவலியால் விட்டுவிடுவதா என்பதையே தீர்மானிக்கக் கூடியது.

"பித்தளை இல்லாவிட்டால் ஓசை கெட்டுவிடாதா?" என்று சிலர் கேட்பார்கள். ஒலிப்பது குழாயல்ல, அதனுள் இருக்கும் காற்று. உட்புற வடிவமும் அளவும் மாறாமல், காற்றும் கசியாமல் இருந்தால், சுவர்ப் பொருளால் வரும் வேறுபாடு சிறிதே.

ஆனால் எடை குறைந்ததும் எல்லாம் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். குழாய் இலேசானாலும் சிறுவனின் கை நீளாது, 56 செ.மீ. என்பது 56 செ.மீ.தான். அதற்குக் குட்டையான டிராம்போனோ, துணைக்குழாய் பூட்டிய டிராம்போனோ வேண்டும். மேலும், பித்தளை நசுங்கினால் தட்டி நிமிர்த்தலாம். கார்பன் இழைக்குழாய் பலமாக அடிபட்டால் விரிந்துவிடும். அதைத் தட்டிச் சரிசெய்ய முடியாது. பள்ளிக் கருவிகள் கீழே விழாமலா இருக்கும்? ஆகவே, தேய்ந்த அல்லது உடைந்த குழாயை மட்டும் குறைந்த செலவில் கழற்றி மாற்றும்படி ஸ்லைடை அமைக்க வேண்டும்.

கற்றுக்கொள்பவனுக்கு மலிவானதும் கனமானதும், கற்றுத் தேர்ந்தவனுக்கு இலேசானது என்பது உலக வழக்கம். விசைக் கணக்கு இதைத் தலைகீழாகத் திருப்பச் சொல்கிறது. பொறியியல் படிக்கப் போகும் மாணவர்களே, ஒரு புதிய பொருள் கிடைத்தால், அதை எவ்வளவு உயர்ந்த கருவியாக்கலாம் என்பதோடு நின்றுவிடாதீர்கள். மிகச் சிறிய கைக்கு அது எப்போது எட்டும் என்றும் கேளுங்கள்.