காப்பாற்றியவருக்கு மூளையும் சொந்தமா?

பிறரை ஆபத்திலிருந்து காப்பாற்றுகின்றவர்களுக்கு, காப்பாற்றப்பட்டவர்களின் புத்தியின் மேல் ஏதாவது பாத்தியதை உண்டா என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட விஷயமாகும். இதற்கு உதாரணமாக, இங்கிலாந்தில் பி.பி.சி. டெலிவிஷனார் 1963-ம் வருஷம் நவம்பர் மாதம் 23-ந் தேதி தொடங்கி, 1989-ல் நிறுத்தி, 2005-ல் மறுபடியும் ஆரம்பித்த 'டாக்டர் ஹூ' என்னும் கதைத் தொடரை எடுத்துக்கொள்வோம்.

இதன் நாயகரான டாக்டர் வேறு கிரகத்தைச் சேர்ந்தவர். எந்தக் காலத்துக்கும், எந்த உலகத்துக்கும் போகக்கூடிய ஒரு யந்திரத்தில், பெரும்பாலும் நம் பூமியைச் சேர்ந்த ஆண் பெண்களைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பிரயாணம் செய்கின்றவர்.

அவருக்குத் திரும்பத் திரும்ப வரும் எதிரிகளில் முக்கியமானவர்கள் மூன்று தினுசு. 1963 டிசம்பரில் வந்த டாலெக்குகளுக்குத் தங்களைப் போலில்லாத எந்த ஜீவனும் உயிரோடிருக்கக் கூடாது. 1966-ல் வந்த சைபர்மென்கள் மனிதர்களைப் பிடித்து, அவயவங்களுக்குப் பதில் உலோகத்தை வைத்து, உணர்ச்சியையும் எடுத்துவிட்டுத் தங்களைப் போல் ஆக்கிவிடுவார்கள். 1971-ல் வந்த மாஸ்டர் என்பவன் மனோவசியத்தால் பிறர் புத்தியை மயக்கித் தன் சொற்படி ஆடச் செய்பவன். ஆகவே ஒரு கூட்டம் உயிரைப் பறிக்கின்றது. ஒரு கூட்டம் உணர்ச்சியைப் பறிக்கின்றது. ஒருவன் அறிவைப் பறிக்கின்றான். பிறத்தியாருக்குச் சொந்தமானதை அவர் சம்மதமில்லாமல் எடுத்துக்கொள்வதுதான் இத்தனை அயோக்கியத்தனத்துக்கும் அடிப்படை.

நிற்க, இதே அளவுகோலை டாக்டருக்கும் வைத்துப் பார்க்க வேண்டாமா? 2008-ல் வந்த கதையில், டோனா நோபிள் என்னும் துணைவியார் அண்டம் முழுவதையுமே டாலெக்குகளிடமிருந்து காப்பாற்றுகின்றார். அதற்குக் காரணமாயிருந்தது, டாக்டரின் அறிவு அவர் மூளைக்குள் புகுந்ததேயாகும். அந்த அறிவு அவரைக் கொன்றுவிடும் என்று சொல்லி, அந்த அம்மையார் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சக் கெஞ்ச, டாக்டர் தம்மோடு இருந்த காலத்து நினைவையெல்லாம் அழித்து, வீட்டில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றார்.

"உயிரைக் காப்பாற்றத்தானே செய்தார்?" என்று சிலர் கேட்கலாம். உயிர் யாருடையது? எப்படி வாழ்வது என்று தீர்மானிக்க வேண்டியவர் யார்? வைத்தியம் செய்கின்ற சாதாரண டாக்டர்கூட புத்தி தெளிவாயிருக்கும் நோயாளியின் சம்மதமில்லாமல் கத்தியை எடுக்கக் கூடாது என்றிருக்க, இந்த டாக்டருக்கு மாத்திரம் விதிவிலக்கு ஏன்?

இதில் மற்றொரு வேடிக்கையையும் கவனியுங்கள். 1975-ல் வந்த கதையில், டாலெக் குலத்தையே பிறக்கும்போது அழித்துவிட இதே டாக்டருக்குச் சந்தர்ப்பம் கிடைக்கின்றது. துணைவியார் சாரா ஜேன் அழித்துவிடும்படி வற்புறுத்தியும், "இதற்கு எனக்கு உரிமையுண்டா?" என்று யோசித்துத் தயங்கி நின்றுவிடுகின்றார். பரம விரோதி விஷயத்தில் வந்த அந்தக் கேள்வி, உயிருக்குயிரான சிநேகிதி விஷயத்தில் ஏன் வரவில்லை? 1969-ல் டாக்டரின் சொந்த ஜனங்களே அவரைத் தண்டித்தபோது, ஜேமி, ஸோயி என்ற துணைவர்கள் இருவரின் நினைவையும், அவர்கள் அவரைச் சந்தித்த முதல் சம்பவம் தவிர, அழித்து அனுப்பினார்கள். தண்டனையாகச் செய்தால் கொடுமை, அன்பாகச் செய்தால் உபகாரமா?

துணைவர்கள் எல்லோரும் அடங்கிப் போனவர்களல்ல. 1964-லேயே, பள்ளிக்கூட உபாத்தியாயினியான பார்பரா ரைட், தம்மேல் வீண்பழி சுமத்திய டாக்டரை முகத்துக்கு நேராகக் கண்டித்து, பின்னால் அவரே வருத்தம் தெரிவிக்கும்படி செய்தார். 2015-ல் கிளாரா ஆஸ்வால்டின் நினைவை அழிக்க டாக்டர் ஏற்பாடு செய்தபோது, என் நினைவு எனக்குச் சொந்தம் என்று அவர் மறுத்து நின்றார். கடைசியில் நினைவை இழந்தவர் டாக்டரே. 2017-ல் பில் பாட்ஸ் என்னும் பெண், இதை உமக்கு ஒருவர் செய்தால் எப்படியிருக்கும் என்று கேட்டதும், டாக்டர் கையை எடுத்துக்கொண்டார். ஆகவே கேட்கத் துணிந்தவர்கள் தப்பினார்கள் என்பது விளங்கும்.

டோனாவுக்கும் 2023-ல் நினைவு திரும்பியது. அவர் சாகவில்லை. அந்த அறிவின் பாரம் மகளுக்கும் பங்காகிப்போயிருந்தது. தாயும் மகளும் தாங்களாகவே அதை விட்டுவிட்டார்கள். பதினைந்து வருஷமாக டாக்டருக்குத் தோன்றாத வழி, சங்கதி முழுவதும் தெரிந்தவுடன் சம்பந்தப்பட்டவர்களுக்கே தோன்றிவிட்டது.

ஆதலால் டாலெக்குக்குப் பயப்படுவதில் பெரிய புத்திசாலித்தனம் ஒன்றுமில்லை. அது தன் எண்ணத்தை மறைப்பதேயில்லை. "உன் நன்மைக்காகத்தான்" என்று சொல்லிக்கொண்டு நம் தலையில் கை வைக்க வருகின்றவர் எவ்வளவு நல்லவராயிருந்தாலும், முதலில் சம்மதம் கேட்கச் சொல்லுங்கள். கேட்காதவரிடம் துணையாக இருப்பதைவிடத் தனியாக இருப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம்.