எண்ணிக்கைக்குத் தலித்துகள், நிர்வாகத்துக்கு யார்?

நாமக்கல் பக்கத்தில் இருக்கும் சேந்தமங்கலம்தான் எங்கள் ஊர்ப்பக்கம். 1623-இல் இராபர்ட் தெ நொபிலி என்ற இயேசு சபைத் துறவி மதுரையிலிருந்து கிளம்பி, இந்தச் சேந்தமங்கலம் வழியாகத்தான் சேலம் போனார். காவி உடுத்தி, பார்ப்பனச் சமையல்காரரை வைத்துக்கொண்டு வாழ்ந்தவர் அவர். அதே ஆண்டு ஜனவரியில், கிறித்தவரான பிறகும் பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளலாம் என்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அனுமதி கொடுத்தார். சாமி மாறியது, சாதி மாறவில்லை.

நானூறு ஆண்டுக் கதையை இப்போது எதற்குச் சொல்கிறேன்? நானும் என் சித்தப்பா மகனும் ஒரே காலனியில் வளர்ந்தவர்கள். என் சான்றிதழில் அருந்ததியர். 2009 சட்டப்படி, பட்டியல் சாதிக்கான 18 சதவீதத்துக்குள் எனக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஞானஸ்நானம் பெற்ற குடும்பம் என்பதால் அவன் சான்றிதழில் பி.சி. தோட்டமும் கோழிப்பண்ணையும் வைத்திருக்கும் சாதிகளோடு அவன் ஒரே பட்டியலில் போட்டி போட வேண்டும். ஊர் டீக்கடையில் மட்டும் யாரும் எங்கள் சான்றிதழை வாங்கிப் பார்த்ததில்லை. அங்கே இருவரும் காலனிக்காரர்கள்தான்.

இருவரும் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் சேர்ந்தோம். சமத்துவம், சகோதரத்துவம் என்று சுவரெங்கும் எழுதியிருந்தது. மூன்று ஆண்டுகளில் எங்கள் துறையில் எங்களைப் போன்ற ஒரு ஆசிரியரைக்கூட நாங்கள் பார்க்கவில்லை. கழிவறை கழுவ வந்த அக்காக்களின் கழுத்தில் செபமாலை தொங்கியது. அவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள் என்று கேட்கத் தேவையே இருக்கவில்லை.

கத்தோலிக்கக் கல்லூரிகள் செய்ததை நான் மறுக்கவில்லை. 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883-இல் திருச்சிக்கு வந்த புனித வளனார் கல்லூரியும், 1923-இல் பாளையங்கோட்டையில் தொடங்கிய புனித சவேரியார் கல்லூரியும், 1925-இல் சென்னையில் தொடங்கிய லயோலாவும் எத்தனையோ முதல் தலைமுறைப் பட்டதாரிகளை உருவாக்கியிருக்கின்றன. எங்கள் மாவட்டத்திலேயே மெட்டாலாவில் இயேசு சபையினர் கல்லூரி நடத்துகிறார்கள். ஆதிவாசிகளுக்காகப் போராடி 2021-இல் சிறைக் காவலிலேயே உயிர்விட்ட ஸ்டேன் சுவாமியும் அதே சபைக்காரர்தான். அவர் படத்துக்கு மாலை போடும் உரிமை இந்த வளாகங்களுக்கு உண்டு. ஆனால் மாலை போட்டால் மட்டும் போதுமா?

சட்டத்தைப் பாருங்கள். 30-ஆவது பிரிவு சிறுபான்மையினருக்குக் கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை தருகிறது. 15(5) பிரிவு அந்த நிறுவனங்களுக்கு இட ஒதுக்கீட்டுக் கட்டாயத்திலிருந்து விலக்கு தருகிறது. யாருடைய பெயரால் இந்தச் சலுகை? இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடிப் பேரில் 1.2 கோடிப் பேர் தலித்துகள் என்று ஆயர் பேரவையே 2016-இல் தன் தலித் கொள்கையில் சொல்லியிருக்கிறது. அப்படியானால் இந்த உரிமையின் பெரும்பங்கு அவர்களுடையது. 1950 குடியரசுத் தலைவர் ஆணை அவர்களைப் பட்டியலுக்கு வெளியே தள்ளியது. 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் திறந்த கதவு அவர்களுக்கு இன்றும் திறக்கவில்லை. அரசு கைவிட்டவர்களைத் திருச்சபையின் கல்லூரியும் கைவிட்டால் அவர்கள் எங்கே போவார்கள்?

"இந்துத்துவம் சிறுபான்மை நிறுவனங்களை மிரட்டும் நேரத்தில் இதைப் பேசலாமா?" என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். மிரட்டல் உண்மைதான். 2019 ஜனவரியில் லயோலாவில் நாட்டுப்புறக் கலைஞர்களின் வீதி விருது விழா நடந்தது. அங்கே வைத்திருந்த ஓவியங்களை எதிர்த்துப் பா.ஜ.க.வினர் கூச்சலிட்டார்கள். கல்லூரி மன்னிப்புக் கேட்டது. அன்று கலைஞர்கள் பக்கம் நின்றவர்கள் நாம். நாளையும் நிற்போம். ஆனால் உள்ளே இருக்கும் சாதியை மூடி வைத்துக்கொண்டு வெளியே இருக்கும் எதிரியோடு சண்டை போட முடியாது. "இந்து மதத்தில் இருந்து போயும் உங்களுக்கு என்ன கிடைத்தது?" என்று நக்கலாகக் கேட்க அவர்களுக்கு வாய்ப்புக் கொடுப்பதே அந்த மூடி மறைத்தல்தான்.

தன்னோடு படித்த பெண்ணுடன் திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காக 2015-இல் கோகுல்ராஜ் கடத்திக் கொல்லப்பட்ட மாவட்டம் இது. இங்கே சாதியைப் பற்றி வாய் திறக்கும் வளாகம் ஒன்றாவது வேண்டும். நற்செய்தியைக் கையில் வைத்திருக்கும் கல்லூரியிடம் அதை எதிர்பார்க்காமல் வேறு யாரிடம் எதிர்பார்ப்பது?

நாங்கள் கேட்பது தயவு அல்ல, கணக்கு. மாணவர் சேர்க்கையில், நிரந்தர ஆசிரியர்களில், முதல்வர், செயலர் பதவிகளில் தலித் கிறித்தவர்களும் பிற தலித்துகளும் எத்தனை பேர்? ஒவ்வொரு கத்தோலிக்கக் கல்லூரியும் ஆண்டுதோறும் இதை வெளியிடட்டும். உதவி பெறும் கல்லூரிகளில் ஆசிரியர் சம்பளம் மக்களின் வரிப்பணம். அதனால் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு.

அங்கே படிக்கும் தோழர்களே, அடுத்த கல்லூரி நாள் விழாவில் சமத்துவம் பற்றிப் பேச மேடை கிடைத்தால், இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். பதில் வருகிறதா என்று பார்ப்போம்.