தரவு வந்தால் போதுமா? விதிகளும் வர வேண்டாமா?

மாணவர்களே, புதிய திறன்பேசி வாங்கிய முதல் நாளை நினைத்துப் பாருங்கள். படங்களும் தொடர்பு எண்களும் பழைய பேசியிலிருந்து வந்துவிடுகின்றன. ஆனால், காலை ஐந்தரைக்கு உங்களை எழுப்பும் அலாரம்? அம்மாவின் அழைப்புக்கு வைத்திருந்த தனி ஒலி? அவை வராமல் போகலாம். மறுநாள் பள்ளிப் பேருந்தைத் தவறவிட்ட பிறகுதான் அது தெரியவரும்.

இதே சிக்கல் வணிக நிறுவனங்களுக்கும் உண்டு. அங்கே இழப்பு இன்னும் பெரியது.

வங்கி, காப்புறுதி நிறுவனம், டியூஷன் நிலையம் எனப் பலரும் வாடிக்கையாளர் விவரங்களைக் கையாள ஒரு வகை மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ‘வாடிக்கையாளர் உறவு மேலாண்மை’ என்பது அதன் பெயர், சுருக்கமாக சிஆர்எம். சேல்ஸ்ஃபோர்ஸ், மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் 365 ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை. வாங்கும்போது அது எல்லாருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பிறகு ஒவ்வொரு நிறுவனமும் தன் தேவைக்கேற்பப் புதிய கட்டங்கள், திரைகள், விதிகளைச் சேர்த்துக்கொள்கிறது. இவற்றைத் தனிப்பயனாக்கம் என்கிறோம்.

ஒரு கேக் கடையைக் கற்பனை செய்யுங்கள். வாடிக்கையாளர் பதிவில் ‘ஒவ்வாமை’ என்றொரு கட்டத்தைக் கடைக்காரர் சேர்த்திருக்கிறார். அதில் ‘ஆம்’ என்றிருந்தால், சமையலறைக்குப் போகும் ஆர்டரில் சிவப்பு எச்சரிக்கை தோன்ற வேண்டும் என்பது விதி. ஒருநாள் கடை வேறு மென்பொருளுக்கு மாறுகிறது. எல்லா வாடிக்கையாளர் பெயர்களும் வந்துவிட்டன. ‘நிலக்கடலை ஆகாது’ என்ற குறிப்பும் வந்துவிட்டது. விதி மட்டும் வரவில்லை. திரையில் எல்லாம் சரியாகத்தான் தெரிகிறது. ஆனால், சமையலறையில் எச்சரிக்கை இல்லை. ஒரு குழந்தையின் பிறந்தநாள் கேக்கில் நிலக்கடலை சேர்ந்துவிட்டால் என்ன ஆகும்?

ஆகவே என் கருத்து இதுதான்: விதிகளையும் தரவுக்கு நிகரான சொத்தாக மதிக்க வேண்டும். அவற்றை இடம்மாற்றுவதை அறிவியல் ஆய்வுபோலச் சோதித்துச் செய்ய வேண்டும்.

ஒரே மென்பொருளுக்குள் இடம்மாற்ற நல்ல வழிகள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்ட் டைனமிக்ஸ் சிஆர்எம் 2011 பதிப்பில் ‘சொல்யூஷன்’ என்ற பொதி முறை அறிமுகமானது. கட்டங்கள், திரைகள், விதிகள் ஆகியவற்றின் விவரிப்பு எக்ஸ்எம்எல் வடிவில் எழுதப்பட்டு, ஒரு ஸிப் கோப்பாகக் கிடைக்கும். வாடிக்கையாளர் பட்டியல் அதில் இருக்காது. வீட்டின் வரைபடம் போகும்; வீட்டுச் சாமான்கள் போகா. முதலில் உருவாக்கும் அமைப்பு, அடுத்துச் சோதனை அமைப்பு, கடைசியில்தான் உண்மையான பயன்பாட்டு அமைப்பு என அந்தப் பொதியைப் படிப்படியாகக் கொண்டுசெல்ல வேண்டும். சேல்ஸ்ஃபோர்ஸிலும் சோதனைக்கென ‘சாண்ட்பாக்ஸ்’ எனும் தனி இடம் உண்டு.

சோதனை ஏன் தேவை? ஒரு திரை வேறொரு கட்டத்தைச் சார்ந்திருக்கலாம். அந்தக் கட்டம் பொதியில் இல்லையென்றால் இறக்குமதி தோல்வியடையும். மேலும், ஒவ்வொரு பதிவுக்கும் மென்பொருள் ஓர் உள் அடையாள எண் தருகிறது. குறிப்பிட்ட ஓர் ஊழியரின் பதிவைச் சுட்டும் விதி, அந்த எண் இல்லாத புதிய அமைப்பில் ஆளைத் தேடி நின்றுவிடும்.

வேறு நிறுவனத்தின் மென்பொருளுக்கு மாறுவது இன்னும் கடினம். பெயர்ப் பட்டியலை அட்டவணைக் கோப்பாக எடுத்துச் செல்லலாம். விதிகளுக்கோ எல்லாரும் ஏற்றுக்கொண்ட பொது வடிவம் இல்லை. பெரும்பாலும் புதிதாகக் கட்ட வேண்டியதுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே 25 முதல், ஒருவர் தம் சொந்தத் தரவைப் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமை நடப்பில் உள்ளது. மலேசியாவும் 2024-இல் தன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி அத்தகைய உரிமையைச் சேர்த்தது. இவை தனிமனிதரின் தரவுக்கானவை. கேக் கடைக்காரர் பார்த்துப் பார்த்து அமைத்த விதிகளுக்கு அல்ல. எனவே, மென்பொருள் வாங்கும் முன்பே “இதிலிருந்து வெளியேறுவது எப்படி?” என்று கேட்டுவிடுவது நல்லது.

“சின்ன மாற்றம்தானே, நேராகக் கையாலேயே செய்துவிடலாமே” என்பார் சிலர். ஒருவரே நடத்தும் கடைக்கு அது வேகமான வழிதான், மறுக்கவில்லை. ஆனால், எழுதிவைக்காத மாற்றம் ஒருவரின் நினைவில் மட்டுமே வாழும். அவர் வேலையை விட்டுப் போனால், அதுவும் அவரோடு போய்விடும். அதற்காகப் பழையதை எல்லாம் சுமக்கவும் வேண்டாம். யாரும் தொடாத கட்டங்களைக் கழித்துவிட இடமாற்றமே நல்ல தருணம்.

இதை நீங்களே பழகலாம். உங்கள் பள்ளிக் கழகத்தின் உறுப்பினர் பட்டியலை வேறு செயலிக்கு மாற்றும்போது, அதிலுள்ள ஒவ்வொரு விதியையும் முதலில் தாளில் எழுதுங்கள்: அது என்ன செய்கிறது, ஏன் தேவைப்பட்டது, யார் கேட்டார்? மாற்றிய பின் ஒரு கற்பனை உறுப்பினரைச் சேர்த்து, ஒவ்வொரு விதியும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பெயர்களை எண்ணிப் பார்த்து “எல்லாம் வந்துவிட்டது” என்று சொல்லிவிடாதீர்கள். சிவப்பு எச்சரிக்கை எரிகிறதா என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.